மழைநாள் உலா



மழை பெய்தால் முதியவர்களையும் குழந்தைகளையும் வீட்டுக்குள் அடைத்து வைப்பது நம் இல்லங்களில் எழுதப்படாத சட்டம். இரு சாராருக்கும் சளி பிடிக்கும் என்பது காரணம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், தாத்தா ஒரு மூலையில் செய்தித்தாளுடனும் பேரப்பிள்ளை மறு மூலையில் கைப்பேசியுடனும் முடங்கிக் கிடப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். சென்ற கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, நானும் என் பத்து வயதுப் பேத்தியும் அந்தச் சட்டத்தை மீறினோம். புயல் எச்சரிக்கை விடுத்த நாளில் வெளியே கிளம்புவது துணிவு அன்று, பேதைமை. நான் கூறுவது விட்டுவிட்டுத் தூறும் நாளை.

இரண்டு குடைகள், துவட்டிக்கொள்ள ஒரு துண்டு, இட்டிலிப் பொட்டலம் ஆகியவற்றுடன் காஞ்சிபுரத்தில் பேருந்து ஏறினோம். பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்திரமேரூர். அந்த ஊரை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு பழைய கடன் காரணமாக இருந்தது.

34 ஆண்டுகள் நான் வரலாறு கற்பித்தவன். உத்திரமேரூரின் குடவோலைத் தேர்தலை ஆண்டு தவறாமல் நடத்தியிருக்கிறேன். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு உரிய விடையாக! ஒரு நாள் பின் வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, குடத்திலிருந்து ஓலையை எடுப்பவர் யார்?” என்று கேட்டான். “அது பாடத்தில் இல்லை, உட்கார்” என்றேன். அவனும் உட்கார்ந்துவிட்டான். அதன்பின் அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. எனக்கு விடை தெரியவில்லை என்பதே உண்மை. பல ஆண்டுகள் கழித்துக் கல்வெட்டின் வாசகத்தைப் படித்தபோதுதான் அவனை எவ்வளவு எளிதாக இழந்துவிட்டேன் என்பது விளங்கியது.

வைகுண்டப் பெருமாள் கோயிலை நாங்கள் அடைந்தபோது மழை வலுத்துவிட்டது. சற்று நேரம் ஒதுங்கி நின்று, தூறல் தணிந்ததும் மண்டபத்தின் கற்சுவர் அருகே சென்றோம். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட எழுத்துகள் அங்கே இருக்கின்றன. நனைந்த கல்லில் அவை எனக்குக் கூடுதல் தெளிவுடன் தோன்றின. பேத்தி ஒரு எழுத்தின் மீது விரலை வைத்து, “இது நம் எழுத்துப் போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறதே தாத்தா” என்றாள். தமிழும் கிரந்தமும் கலந்தவை அவை. அவள் சொன்னதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

அங்கு நின்றே அந்தத் தேர்தலை அவளுக்கு விவரித்தேன். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதி உடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவர். சபை கூடியதும் அங்குள்ள நம்பிமாருள் மிக மூத்தவர் எழுந்து, அனைவரும் காணக் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். ஓலையை எடுப்பவன் அருகில் நிற்கும் ஒரு சிறுவன்; உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத பாலகன். ஒரு குடும்பின் கட்டை அவன் எடுத்து, வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்துத் தருவான். மத்தியஸ்தர் ஐந்து விரல்களும் விரிந்திருக்க உள்ளங்கையில் அதை ஏற்று, உரக்கப் படிப்பார். ஒளிவு மறைவுக்கு இடமில்லை. முதியவர் கையில் குடம், சிறுவன் கையில் ஓலை! என் பழைய மாணவனுக்கு நான் கூறியிருக்க வேண்டிய விடை, “உன்னைப் போன்ற ஒருவன்” என்பதே.

பேத்தி சிறிது யோசித்தாள். “சிறுமி எடுக்கக் கூடாதா?” என்றாள்.

இம்முறை நான் உட்காரச் சொல்லவில்லை. கல்வெட்டு சிறுவனைத்தான் சொல்கிறது என்றேன். பெண்களின் பெயர் குடத்துக்குள் போனதில்லை. நிலமும் மனையும் இல்லாதவர் பெயரும், வேதம் கல்லாதவர் பெயரும் போனதில்லை. 35 வயதுக்குக் குறைந்தவர்க்கும் 70 கடந்தவர்க்கும் இடமில்லை. அந்தணர் ஊரின் சபை அது. நாம் அதனை மக்களாட்சி என்று மேடைகளில் முழங்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லுவதே நேர்மை. ஆயினும், பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் மீண்டும் பதவிக்கு வர முடியாது என்று கல்லில் வெட்டி வைத்த துணிவை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் அறுவர் ஏரி வாரியத்தார். ஏரியைக் காப்பது அவர்கள் பொறுப்பு. ஆகவே ஏரியையும் பார்த்துவிடுவோம் என்று கரைக்குச் சென்றோம். பழங்கல்வெட்டுகள் வயிரமேக தடாகம் என்று அழைக்கும் நீர்ப்பரப்பு அது. கலங்கலில் நீர் வழிந்தோடும் ஓசை தொலைவிலேயே கேட்டது. பாதுகாப்பான தூரத்தில் நின்றோம். ஓடும் நீரில் கால் நனைக்க அவள் விரும்பியதை நான் அனுமதிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் இன்னும் தலைமையாசிரியன்தான். மிகுநீர் வழிவதற்கு ஓர் இடம் விடாவிட்டால் கரையே உடைந்துவிடும் என்றதும், “யார் அதைக் கண்டுபிடித்தார்கள்?” என்றாள். “தெரியாது, அம்மா” என்றேன். அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வருமென்று நான் நினைத்திருக்கவில்லை.

இரவு வீடு திரும்பியதும் அவள் உறங்கச் செல்லவில்லை. காகிதத் துண்டுகளில் வீட்டிலுள்ள அனைவர் பெயரையும் எழுதிப் பித்தளைச் செம்பில் போட்டாள். அடுத்த மழைநாளில் எங்கே போவது என்பதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்று அறியவேண்டுமாம். குடத்தை உயர்த்திப் பிடிக்கும் மூத்தவர் நான். எழுத்தறியாத பாலகன் அவளுடைய நான்கு வயதுத் தம்பி. மத்தியஸ்தர் பதவியைத் தானே எடுத்துக்கொண்டு, ஐந்து விரல்களையும் விரித்துச் சீட்டை ஏற்றுப் படித்தாள்.

“பாட்டி.”

என் மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையுடன் வந்தாள். எங்கே போக விருப்பம் என்று அவளை நாங்கள் எவரும் அதுவரை கேட்டதில்லை. அவள் யோசிக்கவே இல்லை. தான் பிறந்த ஊரின் ஏரிக்கரையைச் சொன்னாள். மணமாகி வந்தபின் அது நிரம்பிய கோலத்தை அவள் ஒரு முறைகூடக் கண்டதில்லையாம். அடுத்த மழைக்காக நால்வரும் காத்திருக்கிறோம்.