பின்கதவுக் கண்ணாடி கிறீச்சிடுகிறதா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் வாகனப் பராமரிப்பு பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பேச எடுத்துக்கொண்டது சின்ன விஷயம்தான். பழைய காரில் பின்கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும்போது வரும் கிறீச் சத்தம். நம் தெருக்களில் மாருதி 800 இன்னும் ஓடுகிறது. அதன் தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதாவது, இருப்பதிலேயே புதிய வண்டிக்கும் பத்து வயது தாண்டிவிட்டது. ரப்பருக்கு அது கிழ வயது.

கண்ணாடியின் இரு ஓரங்களும் ரப்பர் சேனலுக்குள் ஏறி இறங்குகின்றன. அதன் உள்பக்கம் வெல்வெட் போல மென்மையாக இருக்கும். கதவின் விளிம்பில் உள்ளும் புறமும் ஒவ்வொரு பீடிங் உண்டு. நம் பகுதியில் கடல் உப்பு, நிலக்கரித் தூசி, கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி மூன்றும் சேர்ந்து அங்கே படிகின்றன. முன்கண்ணாடியைத் தினமும் இறக்குகிறோம். பின்கண்ணாடியை மாதக்கணக்கில் தொடுவதில்லை. அதனால் அழுக்கு அங்கேதான் இறுகுகிறது.

முதலில் சத்தத்தைப் பிரித்துப் பாருங்கள். ஏற்றி இறக்கும்போது மட்டும் கிறீச்சிட்டால் சேனலும் பீடிங்கும் காய்ந்திருக்கின்றன. மூடிய கண்ணாடி பள்ளத்தில் கடகடத்தால், அதை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சத்தம் நின்றால் சேனல் தேய்ந்து தளர்ந்துவிட்டது. கதவுக்குள்ளிருந்து கரகரவென்று வந்தால் அது கண்ணாடியைத் தூக்கும் மெஷின். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

காய்ந்த சேனலுக்கு வைத்தியம் நம் வீட்டிலேயே இருக்கிறது. கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலில் துணியைச் சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சேனலுக்குள் மேலும் கீழும் ஓட்டுங்கள். கறுப்பு வருவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். சில கார்களில் பின்கதவில் சிறிய முக்கோணக் கண்ணாடி இருக்கும். அதற்கு முன்னால் நிற்கும் கம்பியிலும் சேனல் உண்டு. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சிலிகான் ஸ்ப்ரேயைக் கொஞ்சமாக அடித்து, ஐந்தாறு முறை ஏற்றி இறக்குங்கள்.

தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில், கிரீஸ் எதுவும் வேண்டாம். ஒரு வாரம் சத்தம் அடங்கும். பிறகு தூசி அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும்; பெட்ரோலிய எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், எர்ணாவூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். அந்தத் தண்ணீரில் நின்ற வண்டியில் ரப்பர் ஊதியிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோட்டுக்கோ போகும்போது பழைய சேனலைக் கையோடு கொண்டுபோங்கள். இடது வலது, முன் பின் எல்லாம் வேறு வேறு.

இன்னொன்று. கதவின் அடிவிளிம்பில் மழைநீர் வடிய சிறு துளைகள் உண்டு. அவை அடைத்தால் உப்புநீர் உள்ளேயே நின்று கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். மெல்லிய கம்பியால் பதமாகக் குத்திவிடுங்கள்.

சத்தம்தானே என்று விட்டால் என்ன? இறுகிய சேனலோடு மல்லுக்கட்டி மெஷின் பல் தேயும், பவர் விண்டோ என்றால் மோட்டார் சூடாகும். ஒருநாள் கண்ணாடி பாதியில் நிற்கும். அது எந்த நாள் என்று நமக்குத் தெரியாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அப்படி ஓர் இரவில் பின்சீட்டில் பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்க, மூடாத கண்ணாடியோடு வண்டி எடுக்க முடியுமா? தொழிற்சாலைகளுக்கு நடுவே குடியிருக்கிற நமக்கு, கண்ணாடி மூடுவதும் திறப்பதும் பாதுகாப்பு.

ஆகவே வாரம் ஒருமுறை நான்கு கண்ணாடிகளையும் இறக்கி ஏற்றுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேனலைத் துடைத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. பிள்ளைகளையும் கூட நிறுத்திச் செய்யுங்கள், அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.