நாலாயிரம் சுற்றில் ஒரு பள்ளம்

வீட்டு வாசலிலேயே காரைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினிலிருந்து புகையை வாங்கிக் கொண்டுபோகும் முதல் குழாய்த் தொகுதியைக் கழற்றிவிட்டு, வேறொன்றை வாங்கி மாட்டுகிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அந்தத் தொகுதிக்கு ஹெடர் என்று பெயர். சத்தப் பிரியர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்குவோர் உண்டு. நான் ஒதுக்க மாட்டேன். பொருத்தமான காரில், தக்க காரணத்துக்காகச் செய்தால், ஒரு தனி ஆள் தன் கையால் செய்யக்கூடிய பொறியியலில் இது மிக நேர்த்தியான வேலை. காரணம் தப்பினால் அதே வேலை தெருக்காற்றைக் கெடுக்கும். இரண்டையும் ஒரு காரை வைத்தே சொல்லிவிடலாம்.

டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்து 2012இல் விற்பனைக்கு விட்ட சிறிய ஸ்போர்ட்ஸ் கார் அது. டொயோட்டாவில் 86, சுபாருவில் பிஆர்இசட் என்று பெயர். இரண்டு லிட்டர் இன்ஜின், 200 குதிரைத்திறன். சிலிண்டரின் குறுக்களவும் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமும் 86 மில்லிமீட்டர். வளைவுகளில் இது திரும்பும் அழகை எல்லோரும் பாராட்டினார்கள். குறை ஒன்றே ஒன்றுதான். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுவரை நன்றாக இழுத்துக்கொண்டு வரும் இன்ஜின், மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டியதும் தளர்கிறது. நாலாயிரத்து ஐந்நூறு வாக்கில்தான் மறுபடி உயிர் பெறுகிறது. உச்ச இழுவையான 205 நியூட்டன் மீட்டர், ஆறாயிரத்து நானூறுக்கு மேல்தான் கிடைக்கிறது. இழுவையை வரைபடமாகப் போட்டால் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். லாரியை முந்த மிதிக்கும்போது சுற்று காட்டும் முள் நிற்பதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இந்தப் பள்ளத்தை வெறும் குழாய் எப்படித் தூர்க்கும்? புகை வால்வு திறந்ததும் வெளியே போவது புகை மட்டும் அல்ல. ஓர் அழுத்த அலையும் கூடவே கிளம்புகிறது. குழாய்கள் ஒன்றுசேரும் வாயில் அது மோதி, அழுத்தம் குறைந்த அலையாகத் திரும்பி வருகிறது. வால்வு மூடும் முன் அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் எஞ்சிய புகையை உறிஞ்சி எடுக்கும். அந்த நொடியில் பாதி திறந்திருக்கும் உள்வால்வு வழியே புதுக்காற்றையும் இழுத்துக்கொள்ளும். நேரம் தப்பினால் உதவி இல்லை. சில வேகங்களில் இடைஞ்சலும் உண்டு. நாலாயிரம் சுற்றில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 15 மில்லிசெகண்டு. அதிலும் புகை வால்வு திறந்திருப்பது தோராயமாகப் பத்து. அலை அதற்குள் போய்த் திரும்ப வேண்டும். எந்த வேகத்தில் அது கச்சிதமாக வந்து சேரும் என்பதைக் குழாயின் நீளம்தான் பெரிதும் தீர்மானிக்கிறது. நாகஸ்வரத்தில் குட்டையான திமிரி உயர்ந்த சுருதியிலும் நீளமான பாரி தாழ்ந்த சுருதியிலும் பேசுவதைப்போல, குட்டைக் குழாய் மேல் வேகத்துக்கும் நீளக் குழாய் கீழ், நடு வேகங்களுக்கும் ஒத்துழைக்கிறது.

இந்த இன்ஜினில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சிலிண்டர்கள் நின்றபடி இல்லை. இரண்டு வலப்பக்கம், இரண்டு இடப்பக்கம் படுத்திருக்கின்றன. வெடிக்கும் வரிசை ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு. ஒன்றும் மூன்றும் ஒரே பக்கம். பக்கத்துப் பக்கத்துக் குழாய்களைச் சும்மா இணைத்தால் அடுத்தடுத்த புகைத்துடிப்புகள் ஒன்றன் காலை ஒன்று மிதிக்கும். எனவே நல்ல ஹெடரில் ஒன்றை இரண்டோடும், மூன்றை நான்கோடும் சேர்க்க, குழாய்கள் இன்ஜினின் வயிற்றுக்கு அடியில் குறுக்கே கடந்துபோய், நான்கு இரண்டாகி, இரண்டு ஒன்றாகின்றன. நாலு குழாயும் ஒரே நீளம் வரும்படி வளைத்து, வளைவின் உட்புறம் நசுங்காமல், வெல்டிங்கின் உள்பக்கம் பிசிறு இல்லாமல் செய்திருப்பதைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் விலைக்கான காரணம் புரியும். பழைய சுபாருவின் கடகட ஒலி வேண்டும் என்பதற்காகவே நீளம் ஒவ்வாத குழாய்களைத் தேடி வாங்குவோரும் உண்டு. அது அவரவர் காதின் ஆசை. நான் ஒரே நீளத்தின் பக்கம்.

மாட்டும் வேலைக்கு வருவோம். இந்தக் காரில் ஹெடர் இன்ஜினுக்குக் கீழே இருப்பதால் எல்லாமே படுத்துக்கொண்டு செய்வதுதான். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடவே கூடாது. சமதளத்தில் நான்கு ஸ்டாண்டு வைத்து, காரை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

வேலை தெரிந்தவரை அவர் மாட்டுவதில் அல்ல, கழற்றுவதில் அடையாளம் காணலாம். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹாயோ மாநிலங்களில் ஓடிய கார் என்றால் நட்டுகள் துருவேறி, ஸ்டட் என்ற மரைத்தண்டோடு ஒட்டியிருக்கும். முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுவார். மறுநாள் ஆறு முனைச் சாக்கெட்டைப் போட்டு, முழு பலத்தையும் காட்டாமல் கால் சுற்று தளர்த்துவார். நட்டு கீச்சிட்டு இறுகினால் பின்னுக்குத் திருப்புவார், மீண்டும் எண்ணெய், மீண்டும் கால் சுற்று. அவசரப்பட்டு இழுத்தால் ஸ்டட் இன்ஜினின் அலுமினிய ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். அதன் பிறகு அது வாசலில் முடியும் வேலை இல்லை. ஹெடரில் ஆக்சிஜன் சென்சர்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றுக்கு வயர் நுழையப் பக்கவாட்டில் பிளவுள்ள 22 மில்லிமீட்டர் சாக்கெட் உண்டு. மறுபடி மாட்டும்போது மரையில் மட்டும் செம்புப் பசை தடவ வேண்டும். முனையில் பட்டால் சென்சர் கெடும்.

புது ஹெடருக்குப் புது கேஸ்கெட்தான். எல்லா நட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றி, குழாய் தானாகத் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறிது சிறிதாக டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் குழாய் கோணிக்கொண்டு கசியும். கடைசியில் ஆல்கஹால் நனைத்த துணியால் குழாய் முழுவதும் துடைக்க வேண்டும். விரல் பட்ட எண்ணெய் முதல் சூட்டில் கருகி, துருவேறா எஃகின் மேல் ரேகையாகவே நின்றுவிடும். ஸ்டார்ட் செய்வது திறந்த வெளியில்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; மூடிய கேரேஜில் அது ஆளைக் கொல்லும். குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் என்ற சத்தம் கேட்டால் எங்கோ கசிவு. ஓடிச் சூடாகி ஆறிய பிறகு நட்டுகளை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். ஹெடருக்கு ஏற்ப இன்ஜின் கம்ப்யூட்டரின் எரிபொருள் கணக்கையும் மாற்றினால்தான் பள்ளம் நன்றாகத் தூரும்.

காற்றைக் கெடுக்கும் பக்கமும் இருக்கிறது. இந்தக் காரின் அசல் ஹெடருக்கு உள்ளேயே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடுதான் நச்சுப்புகையை நீராவியாகவும் நைட்ரஜனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகிறது. சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காகவே அதை இன்ஜினை ஒட்டி வைத்தார்கள். சந்தையில் விற்கும் ஹெடர்கள் பலவற்றில் அது இல்லை. ‘பந்தயத் தடத்துக்கு மட்டும்’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். வாங்குகிறவர் அதோடு வேலைக்குப் போய்வருவார். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமே இதைத் தடுக்கிறது. கலிஃபோர்னியாவில் மாநிலக் காற்றுவள வாரியத்தின் ஒப்புதல் எண் இல்லாத ஹெடரோடு புகைச் சோதனையில் தேற முடியாது. கன்வெர்ட்டரை எடுத்தால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கும் எரியும். பி0420 என்ற அந்தப் பிழைக்குறியைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துத் தருவதையே சிலர் தொழிலாக வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் சமரசமே இல்லை. விளக்கை அணைத்தால் புகை சுத்தமாகிவிடாது. பக்கத்து வீட்டுக் குழந்தை அதைத்தான் சுவாசிக்கிறது. கன்வெர்ட்டரோடு வரும், ஒப்புதல் பெற்ற ஹெடரில் ஆதாயம் சற்றுக் குறையலாம். ஆனாலும் அதுதான் மாட்டத்தக்கது.

எல்லாக் காருக்கும் இந்தச் செலவு தகுமா என்றால், தகாது. 1989இல் வந்த மாஸ்டா மியாட்டாவின் 1.6 லிட்டர் இன்ஜினுக்குக் கம்பெனியே துருவேறா எஃகுக் குழாய் ஹெடரைத்தான் போட்டு அனுப்பியது. அதைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் சத்தம் மாறும், இழுவை பெரிதாக மாறாது. 86 காரில் ஆதாயம் கிடைப்பது அங்கே உண்மையிலேயே ஒரு குறை இருந்ததால். 2022 மாடலாக வந்த அடுத்த தலைமுறையில் இன்ஜின் 2.4 லிட்டர் ஆனது. 250 நியூட்டன் மீட்டர் இழுவை 3,700 சுற்றிலேயே கிடைக்கிறது. பழைய பள்ளம் இருந்த அதே இடத்தில்தான் புதியதன் உச்சம்.

ஆகவே ஹெடர் வாங்க நினைக்கும் நேயர்கள் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் உச்சக் குதிரைத்திறனை விட்டுவிடுங்கள். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் இழுவையை அளக்கும் ஒரே டைனமோமீட்டரில் எடுத்த இரண்டு வரைபடங்களைக் கேளுங்கள். மூவாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடையில் இரண்டு கோடுகளும் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். கழற்றிய அசல் ஹெடரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். கன்வெர்ட்டர் உள்ள பொருள். காரை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பதும் அதைத்தான். அதன் நட்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் ஒரு பையில் போட்டுக் கட்டி, அதனோடேயே பத்திரப்படுத்துங்கள்.