எஞ்சினும் பாட்டரியும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுள் கடலோரத்தில் பிறந்தவர் பலர் உண்டு. அவர்களுக்குக் கட்டுமரத்தைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அச்சொல்லை உலக மொழிகள் பல நம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டன. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்ட எஞ்சின் படகையும், அதன் மூலையில் ஒரு பெட்டிக்குள் கிடக்கும் பாட்டரியையும் பற்றியாகும்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் விழிஞம் துறை இருக்கிறது. படகின் பின்புறத்தில் தொங்கவிடும் எஞ்சின் இக்கரையில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1980-களில். கயிற்றைச் சுண்டி இழுத்தால் கிளம்பும் அந்த எஞ்சினுக்குப் பாட்டரியே தேவையில்லை. ஆழங்காட்டும் கருவியும், இடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவியும், கம்பியில்லாப் பேச்சுக் கருவியும் வந்தபின்தான் பாட்டரி படகில் ஏறியது. 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் வீசியபோது விழிஞத்திலிருந்தும் பூந்துறையிலிருந்தும் கடலுக்குப் போனவர் பலர் திரும்பவில்லை. அதன்பின் இக்கருவிகளின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2025 மே 2-ஆம் நாள் விழிஞத்தில் சர்வதேசத் துறைமுகமும் முறைப்படி திறக்கப்பட்டது. மலை போன்ற சரக்குக் கப்பல்கள் வந்து போகும் கடலில், இரவில் விளக்கில்லாமல் மிதக்கும் சிறு படகின் நிலையை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அத்துறையில் நாம் கண்ட ஒரு படகின் கதையைச் சொல்வோம். நால்வர் போகும் கண்ணாடியிழைப் படகு. ஓராண்டுக்குள் இரண்டு பாட்டரி வாங்கியாயிற்று. மூன்றாவதும் நள்ளிரவில் விளக்கைக் கைவிட்டது. "எஞ்சின் நன்றாகத்தானே ஓடுகிறது? கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்றார் படகுக்காரர்.

எஞ்சின் நன்றாக ஓடுவதுதான் இங்கே மனிதரை ஏமாற்றுவது. எஞ்சினின் தலையில் சுழலும் பிளைவீலில் காந்தங்கள் பதிந்திருக்கின்றன. அவற்றின் அடியில் கம்பிச் சுருள்கள், அதாவது காயில்கள், இருக்கின்றன. காந்தம் காயிலைக் கடந்து ஓடும்போது அதில் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட உண்மை இதுவே. ஆனால் எரிபொருளைக் கொளுத்தும் பொறிக்கு ஒரு காயில், பாட்டரிக்கு வேறொரு காயில் என்று இரண்டும் தனித்தனி. ஆகவே பாட்டரிக்குச் செல்லும் வழி முற்றிலும் அறுந்துபோனாலும் எஞ்சின் ஒரு குறையும் காட்டாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

காயிலிலிருந்து வருவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். பாட்டரிக்கோ ஒரே திசையில் பாய்வது வேண்டும். ரெக்டிபயர் என்னும் சிறு பெட்டி அந்த மாற்றத்தைச் செய்கிறது. அங்கிருந்து பியூஸ் வழியாகக் கம்பி பாட்டரிக்குப் போகிறது. கெட்டது எது என்று தேடுகிறவர் கடைசியிலிருந்து முதலுக்குப் போவது நலம். ஒரு மல்டிமீட்டர் போதும்.

எஞ்சின் ஓடாமல், பாட்டரி சில மணி நேரம் ஓய்ந்திருந்தபின் அளக்க வேண்டும். நிறைந்த ஈயப் பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் ஏறக்குறையக் காலி. பிறகு எஞ்சினை நடுவேகத்தில் ஓட்டி அளந்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். குளிர்விக்க நீரில்லாமல் கரையில் ஓட்டிப் பார்ப்பது எஞ்சினுக்குக் கேடு. தொட்டி நீரிலாவது மூழ்கியிருக்கட்டும். மந்த வேகத்தில் எண் ஏறாவிட்டால் அது பழுதாகாது. 15-க்கு மேல் ஏறினால் பாட்டரி நீர் கொதித்து வற்றும். மின்னழுத்தத்தை அடக்கி வைக்கும் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும்.

எண் ஏறவே இல்லையென்றால் முதலில் பியூஸ். அடுத்து ரெக்டிபயரின் வெளிவாயிலில் அதே அளவை எடுக்க வேண்டும். அங்கும் இல்லையென்றால், எஞ்சினை நிறுத்தி, காயிலின் கம்பிகளைப் பிரித்து, மீண்டும் ஓட்டி மாறுதிசை அளவில் பார்க்க வேண்டும். வேகத்தோடு வோல்ட் ஏறினால் காயில் நலம், ரெக்டிபயர் போயிற்று. ஒன்றுமே வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்ப்பது சிலருடைய பழக்கம். அதனாலேயே எத்தனையோ ரெக்டிபயர்கள் மாண்டிருக்கின்றன. கம்பிகளை முனை மாற்றி ஒரு கணம் தொட்டாலும் அதே கதிதான்.

நம் படகில் ரெக்டிபயரின் வாயிலில் 14.2 வோல்ட் இருந்தது. பாட்டரியிலோ 12.3 தான். பிறந்த மின்சாரம் வழியிலே தொலைந்துகொண்டிருந்தது. கம்பியைக் கையால் தடவிக்கொண்டே வந்தோம். பாட்டரிப் பெட்டிக்கு ஒரு முழம் முன்னால், யாரோ எப்போதோ இரண்டு கம்பிகளை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு இல்லை. பச்சைத் தூள்தான் இருந்தது. உப்புக் காற்று தின்றது போக எஞ்சியவை இரண்டொரு இழைகள். அந்த நீளத்தை வெட்டி எறிந்து, ஈயம் பூசிய புதுக் கம்பி போட்டு, முனைகளை இறுக்கி, நீர் புகாத உறை மாட்டி, பாட்டரி முனைகளில் ஆப்பசோடா நீரால் துலக்கி வாசலின் பூசினோம். செலவு புதுப் பாட்டரியின் விலையில் சிறு பங்குகூட ஆகவில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் பாட்டரி இறங்குவதுண்டு. அப்போது பார்க்க வேண்டியது வரவு செலவுக் கணக்கு. போகவும் வரவும் மூன்று மணி நேரம் எஞ்சின் ஓடி, மணிக்கு 5 ஆம்பியர் வீதம் சேர்த்தால் வரவு 15. வலை விரித்து எஞ்சினை நிறுத்திய பத்து மணி நேரத்தில் விளக்கும் கருவிகளும் 2 ஆம்பியர் வீதம் தின்றால் செலவு 20. நாளொன்றுக்கு ஐந்து கடன் வைக்கும் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? பழைய பல்பை நீக்கி எல்.இ.டி. விளக்குப் போடலாம்; சிறு சூரியத் தகடு ஒன்றும் வைக்கலாம்.

படகுக்காரர் இக்கணக்கைக் கேட்டு, மாட்டியிருந்த பெரிய பல்பை அப்போதே கழற்றிவிட்டார். கடைக்காரரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருமாறு நாம் கேட்டுக்கொண்டோம். "கரைக்கு வந்தபின் சொல்லிக்கொள்ளலாம்" என்று எஞ்சின் கயிற்றை இழுத்தார்.