தடமும் கதையும் இல்லாத கலை

ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘127 ஹவர்ஸ்’ என்ற ஆங்கிலப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2003 ஏப்ரலில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், புளூ ஜான் என்ற இடுக்கான பள்ளத்தாக்கில் ஏரன் ரால்ஸ்டன் என்ற இளைஞருடைய வலது கை ஒரு பாறைக்கும் பள்ளத்தாக்குச் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. ஐந்து நாளுக்கு மேல் போராடிவிட்டு, கையைத் தானே அறுத்துக்கொண்டு உயிர் தப்பினார். அந்த மனத்திடத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால், பாலைவனத்தில் கூடாரமடித்துத் தங்குவதை ஒரு கலையாக எடுத்துக்கொண்டு மதிப்பிட வந்தால், அந்தப் படம் நம் கையில் தவறான அளவுகோலைக் கொடுத்துவிடுகிறது. எங்கே போகிறார் என்பதை அவர் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொல்லியிருந்தால் தேடுகிறவர்கள் நேராக அங்கே வந்திருப்பார்கள். கையும் தப்பியிருக்கலாம், படமும் வந்திருக்காது. இந்தக் கலையில் தேர்ந்தவருக்குத் திரும்பி வந்து சொல்லக் கதை இருக்காது. அவர் படுத்து எழுந்த இடத்தில் பார்க்கத் தடம் இருக்காது. இன்றைய உரையில் நான் நிறுவ விரும்புவது இவ்வளவுதான்.

ரால்ஸ்டன் மாட்டிக்கொண்ட பள்ளத்தாக்குக்கு அருகிலேயே இருக்கிறது கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா. 1964 செப்டம்பர் 12ஆம் தேதி அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவானது. பரப்பு சுமார் 1,366 சதுர கிலோமீட்டர். பூங்கா என்றதும் புல்வெளியும் நீரூற்றும் நினைவுக்கு வந்தால் அதை அழித்துவிடுங்கள். கொலராடோ, கிரீன் என்ற இரண்டு ஆறுகள் செம்பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளங்களின் நாடு அது. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 250 மில்லிமீட்டர் மழை தேறாது. வருகிறவர்களில் பெரும்பாலோர் மேட்டு விளிம்பு வரை காரில் வந்து, கீழே எட்டிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நாம் பேசுவது தார்ச்சாலை முடிந்த பிறகு தொடங்கும் நிலத்தைப் பற்றி. அங்கே இறங்கி, நாலைந்து நாள் நடந்து, இரவுகளைக் கழிப்பவர்களைப் பற்றி. நம் பழைய இலக்கணத்தில் பாலை என்பது பிரிந்து போகிறவர்கள் கடந்து செல்லும் நிலம். கடக்க வேண்டிய நிலத்தில் தங்க நினைப்பவருக்கு முதலில் தெரிய வேண்டியது வீரம் அல்ல, கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் நான்கு லிட்டர் தண்ணீர் வேண்டும். மூன்று இரவு, நான்கு பகல் என்றால் பதினாறு லிட்டர். அதாவது பதினாறு கிலோ. நம் வீட்டு வாசலில் வந்து இறங்கும் தண்ணீர் கேன் இருபது லிட்டர். அதில் முக்கால் பங்குக்கும் மேலான எடை முதுகில் ஏறிவிடுகிறது. சோறும் கூடாரமும் போர்வையும் இனிமேல்தான். வழியில் ஊற்று இருக்காதா என்று கேட்கலாம். சில பள்ளத்தாக்குகளில் பருவத்தைப் பொறுத்து இருக்கும். பூங்காவின் நீடில்ஸ் பகுதியில் எல்லோரும் ஆசைப்பட்டுப் போகிற செஸ்லர் பார்க்கில் நம்பிப் போகும்படியான தண்ணீர் கிடையாது. ஆகவே எவ்வளவு தூரம் போகலாம், எத்தனை நாள் தங்கலாம் என்பதையெல்லாம் காலோ ஆசையோ தீர்மானிப்பதில்லை, பாட்டில் தீர்மானிக்கிறது. இதில் நுட்பமான ஒரு கண்ணி உண்டு. குடிக்கக் குடிக்கச் சுமை குறையும், நடை சுகமாகும். ஆனால் சுமை குறைகிற அதே அளவுக்குக் கையிருப்பில் உள்ள பொழுதும் குறைந்துகொண்டே வரும். முதுகு லேசாகிவிட்டதே என்று மகிழாமல், திரும்பும் வேளை வந்துவிட்டது என்று உணர்கிறவரே தேர்ந்தவர்.

அடுத்தது, படுக்கும் இடம். செடிகளுக்கு நடுவே வெறும் மண் போலத் தெரிகிற இடத்தைக் குனிந்து பாருங்கள். கருத்து, சிறுசிறு கோபுரங்களாக முடிச்சிட்டு, தீய்ந்த அடைபோல இருக்கும். அது வெறும் மண் இல்லை, உயிருள்ள தோல். நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள், லைக்கன், பாசி எல்லாம் சேர்ந்து நெய்தது. மழை பட்டால் அந்தப் பாக்டீரியாக்களின் நுண்ணிய இழைகள் ஊறி, மணலுக்குள் ஊர்ந்து, தாம் போன வழியெல்லாம் பிசின் உறையை விட்டுச் செல்லும். அந்த உறைதான் மணலை மணலோடு கட்டிப்போடுகிறது. காற்று அரிக்காமல் காப்பதும், நைட்ரஜனைச் சேர்த்து மண்ணை வளமாக்குவதும் அந்த உயிர்த்தோல்தான். ஒரு செருப்புக்காலின் அழுத்தத்தில் நொறுங்கும். பழையபடி ஆகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். சரி, அதை மிதிக்காமல் வறண்ட ஓடையின் மணலில் நடக்கலாம், தவறில்லை. ஆனால் மெத்தைபோல இருக்கிறதே என்று அங்கேயே படுத்துவிடக் கூடாது. கோடையின் கடைசியில் எங்கோ மேட்டில் இடி இடித்தால், தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே இங்கே வெள்ளம் வந்துவிடும். ஒரு தரையில் நம்மால் நிலத்துக்கு ஆபத்து, இன்னொரு தரையில் நிலத்தால் நமக்கு ஆபத்து. மிச்சம் இருப்பது மொட்டைப் பாறையும், முன்பே பலர் படுத்துப் பழகிய திட்டும்தான். அந்தக் கொஞ்ச இடத்துக்குள் ஒழுங்காகத் தங்கி எழுவதில்தான் கலை இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும். இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும். நடந்து போகிற குழுவில் நீடில்ஸ் பகுதியில் ஏழு பேருக்கு மேல் கூடாது, மேஸ் பகுதியில் ஐந்து பேருக்கு மேல் கூடாது. விறகுத் தீ மூட்டக் கூடாது. பல இடங்களில் மலத்தைக்கூடப் பையில் கட்டி வெளியே கொண்டுவர வேண்டும். இத்தனை சட்டதிட்டத்துக்கு அப்புறம் அங்கே என்ன சுதந்திரம் இருக்கிறது? நியாயமான கேள்வி. ஆனால் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் அந்த நிலத்தின் காரணம் ஒன்று இருக்கிறது. மழைக்காட்டில் குழி தோண்டிப் புதைத்தால் மண்ணே செரித்துவிடும். ஈரமும் மக்கும் சருகும் இல்லாத மண்ணுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. சுதந்திரமாக நடந்தவர்கள் செய்ததற்குச் சாட்சியும் அங்கேயே உண்டு. 1950களில் யுரேனியம் தேடப் போனவர்களுக்காக அமெரிக்க அணுசக்தி ஆணையம் அங்கே சாலை போட்டது. தேடியவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. சுமார் 160 கிலோமீட்டர் நீளமுள்ள ஒயிட் ரிம் சாலை மட்டும் நிலைத்துவிட்டது. இன்று சைக்கிளிலும் ஜீப்பிலும் போய்த் தங்குகிறவர்கள் அதே தடத்தில்தான் போகிறார்கள். தாளம் பாடகரைக் கட்டிப்போடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. இந்த விதிகளும் அப்படித்தான். கலையின் கட்டுக்கோப்பே அவைதான்.

இன்னும் ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. ஆளே இல்லாத நிலம் என்று அதை நினைப்பதே பொய் அல்லவா? உண்மைதான். பூங்காவோடு 1971இல் சேர்க்கப்பட்ட ஹார்ஸ்ஷூ பள்ளத்தாக்கின் பாறைச் சுவரில் ஆள் உயரத்துக்குச் செந்நிற உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. நீடில்ஸ் பள்ளத்தாக்குகளில் மக்காச்சோளம் விளைவித்தவர்கள் பாறைக் குடைவுகளில் கட்டிய தானியக் குதிர்கள் இன்னும் இருக்கின்றன. சுமார் 1300ஆம் ஆண்டு வாக்கில் அவர்கள் தெற்கே பெயர்ந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன தடத்தை வியந்து பார்த்துக்கொண்டு, நீ மட்டும் தடம் வைக்காதே என்பது முரண் இல்லையா? இல்லை என்றே சொல்வேன். அங்கே விதைத்து, அறுத்து, பிள்ளை பெற்றவருக்குச் சுவரில் எழுத உரிமை உண்டு. மூன்று நாள் தங்க வந்த விருந்தாளிக்கு அந்த உரிமை கிடையாது.

கடைசி மறுப்பைத் தள்ளிவிட முடியாது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குடத்தைத் தூக்கிக்கொண்டு தினமும் மைல்கணக்கில் நடப்பவர்கள் உலகெங்கும் இருக்கும்போது, விலை உயர்ந்த பையில் தண்ணீர் சுமப்பது வசதி உள்ளவர்களின் விளையாட்டு. ஆம், விளையாட்டுதான். பாலைவனத்தில் நாலு நாள் தங்கியதால் யாரும் ஞானியாகிவிடப் போவதில்லை. ஆனால் குழாயில் வந்துகொண்டிருக்கும் வரை தண்ணீருக்கு எடை இருப்பது நமக்குத் தெரிவதில்லை. காலடி ஒன்று ஒரு தலைமுறைக் காலம் நிலைக்கும் என்பதும் தெரிவதில்லை. இந்த இரண்டையும் உடம்பால் அறிய வைக்கிற பயிற்சி என்ற அளவில் இதற்கு நான் உயர்ந்த இடம் கொடுப்பேன்; அதற்கு மேல் கொடுக்க மாட்டேன்.

நேயர்களே, பாலைவனம் வேண்டாம், பக்கத்து மலைக்கே போவதாக இருந்தாலும் ஒன்று செய்யுங்கள். எங்கே போகிறீர்கள், எந்த நாளில் திரும்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.