படகுக்கு எத்தனை வாட்?



கடற்கரை ஊர்களில் படகுக்காரர் ஒருவர் எலெக்ட்ரிக்கல் கடைக்குப் போய் இன்வெர்ட்டர் கேட்டால், பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும். "அண்ணே, படகுல வைக்க ஒரு இன்வெர்ட்டர் வேணும்." "எத்தன வாட்டுண்ணே?" "பெருசாவே குடுங்க. மிக்சி, டிவி எல்லாம் ஓடணும்." ஆயிரம் வாட் என்று எழுதிய பெட்டி மேஜைக்கு வரும். விலை பேசி முடிப்பார்கள். படகில் எத்தனை வோல்ட், என்ன பேட்டரி, ராத்திரியில் இன்ஜின் ஓடுமா நிற்குமா, இன்வெர்ட்டரை எந்த இடத்தில் மாட்டப்போகிறீர்கள் என்ற பேச்சே எழாது. வீட்டுக்கு வாங்கும்போது இதையெல்லாம் கேட்காமல் விட்டால் பெரிய நஷ்டம் இல்லை. படகில் இவைதான் முதல் கேள்விகள். இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் வாட் கணக்கு தானாக வந்துவிடும். அது நாம் நினைத்ததைவிடச் சின்னதாகவே வரும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்துப் படகுகளை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை கிளம்பினால் ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆழ்கடலிலேயே தங்கித் தொழில் செய்கிற படகுகள். பத்துப் பேர், பன்னிரண்டு பேர் இருப்பார்கள். இழுவைப் படகில் வலை இழுக்கிற நேரமெல்லாம் இன்ஜின் ஓடும். டைனமோ பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஆழ்கடலில் செவுள் வலை விடுகிற படகில் அப்படி இல்லை. சாயங்காலம் வலையை விட்டுவிட்டு இன்ஜினை நிறுத்துவார்கள். வலையும் படகுமாக நீரோட்டத்தோடு ராத்திரி முழுக்கப் போகும். அந்த நேரத்தில்தான் எல்லோரும் செல்போனை சார்ஜில் போடுவார்கள், டிவியில் பென்டிரைவில் கொண்டுவந்த படம் ஓடும், கேபினில் விளக்கு எரியும். இத்தனையும் பேட்டரியிலிருந்து போகிறது. விடியற்காலையில் வலையை இழுத்து ஏற்ற இன்ஜினை எடுக்க வேண்டும். செல்ஃப் மோட்டார் ஒரு சில விநாடிக்கு நூற்றுக்கணக்கான ஆம்ப் கேட்கும். பேட்டரி அதைக் கொடுக்காவிட்டால், கரையிலிருந்து இருநூறு கடல்மைலில் படகு சும்மா மிதக்கும்.

"இன்வெர்ட்டரே பார்த்துக்கொள்ளும், பேட்டரி இறங்கினால் கட் ஆகிவிடும்" என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. பெரும்பாலான சின்ன இன்வெர்ட்டர்கள் 11 வோல்ட் அளவில் பீப் பீப் என்று கத்தத் தொடங்கி, 10.5 வோல்ட்டில்தான் நிற்கும். நிரம்பிய லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. 10.5 என்றால் அதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆக, இன்வெர்ட்டர் காப்பாற்றுவது தன்னைத்தான். நம் செல்ஃபை அல்ல.

எனவே இன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டிய பொருள் இன்னொரு பேட்டரி. இன்ஜின் எடுக்க ஒன்று, மற்ற வேலைக்கு ஒன்று, நடுவில் ஒரு மாற்று சுவிட்ச். இன்ஜின் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகட்டும். நின்றதும் செல்ஃப் பேட்டரியைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். கையால் சுவிட்சைத் திருப்ப மறந்துபோகும் என்றால், தானே பிரித்துக்கொள்ளும் ரிலேவும் கிடைக்கிறது. இதற்குக் காசில்லை என்பவருக்கு என் பதில், இன்வெர்ட்டரும் வேண்டாம் என்பதுதான்.

பெரிய படகுகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்து 24 வோல்ட்டாக வைத்திருப்பார்கள். 12 வோல்ட் இன்வெர்ட்டரை 24 வோல்ட்டில் கொடுத்தால் அந்த நிமிடமே முடிந்தது. அதனால் அந்தத் தவறு அதிகம் நடப்பதில்லை. அடிக்கடி நடப்பது வேறொன்று: இரண்டில் ஒரு பேட்டரியின் இரு முனையிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து இன்வெர்ட்டருக்கோ வயர்லெஸ்ஸுக்கோ கொடுத்துவிடுவது. வேலை செய்யும். ஆனால் அந்த ஒன்று மட்டும் தினமும் இறங்கும். இன்னொன்று நிரம்பியே நிற்கும். டைனமோவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டையும் சேர்த்துத்தான் அது பார்க்கும். நிரம்பிய பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும், இறங்கியது ஒருநாளும் நிரம்பாது. இரண்டு பேட்டரியும் காலத்துக்கு முன்பே போய்விடும். 24 வோல்ட் படகுக்கு 24 வோல்ட் இன்வெர்ட்டரே வாங்குங்கள். 12 வோல்ட் கருவிகளுக்கு, 24-ஐ 12 ஆக இறக்கித் தரும் கன்வெர்ட்டர் தனியாக இருக்கிறது.

இனி, எதற்கெல்லாம் இன்வெர்ட்டர் வேண்டும் என்று பார்ப்போம். விஎச்எஃப் வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் எல்லாம் பேட்டரி மின்சாரத்திலேயே ஓடப் பிறந்தவை. 25 வாட் விஎச்எஃப் பேசும்போது ஐந்தாறு ஆம்ப் எடுக்கும், அவ்வளவுதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த பல படகுகளுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்பதைக் குமரிக் கரையில் யாரும் மறக்கவில்லை. வயர்லெஸ்ஸுக்குப் போகிற மின்சாரம் இன்வெர்ட்டர் வழியாகப் போகவே கூடாது. பேட்டரியிலிருந்து தனி வயர், தனி பியூஸ்.

செல்போனுக்கும் இன்வெர்ட்டர் தேவையில்லை என்பதை ஏனோ நம்ப மறுக்கிறோம். 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, அந்த 230-ஐ சார்ஜர் மறுபடி 5 வோல்ட்டாக இறக்கி, இரண்டு இடத்திலும் சூடாக வீணாக்குவானேன்? 5000 மில்லி ஆம்ப் போன் ஒன்று நிரம்ப ஏறக்குறைய 19 வாட் அவர் வேண்டும். பத்துப் போனை இன்வெர்ட்டர் வழியாக நிரப்பினால் பேட்டரியிலிருந்து 22 ஆம்பியர் அவர் அளவுக்குப் போகும். பேட்டரியிலேயே நேராக மாட்டும் யுஎஸ்பி சார்ஜரில் அது 18-க்குள் முடியும். இதைவிடப் பெரிய மிச்சம் ஒன்று உண்டு. இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல், சுவிட்ச் மட்டும் போட்டபடி சும்மா இருக்கும்போதே அரை ஆம்ப் அளவுக்குத் தின்னும். ஒரு நாளுக்கு 12 ஆம்பியர் அவர். பெரிய இன்வெர்ட்டர் என்றால் சும்மா தின்பதும் கூடுதல். கரையிலிருந்து ஏற்றிப்போகிற குடிதண்ணீரில் எவ்வளவு கணக்கு பார்ப்போமோ, அந்தக் கணக்கை இங்கேயும் பார்த்தால் போதும்.

100 ஆம்பியர் அவர் பேட்டரியில் பாதியைத்தான் தொடலாம். அதாவது 600 வாட் அவர். 45 வாட் டிவி மூன்று மணி நேரம் ஓடினால் 160 போகும். பரவாயில்லை. 700 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரத்தில் 400-க்கு மேல் குடித்துவிடும். சோறு கேஸ் அடுப்பிலேயே வேகட்டும். மிக்சி விஷயம் வேடிக்கையானது. ஐந்து நிமிடம் மசாலா அரைப்பதற்கு மொத்த மின்சாரம் கொஞ்சம்தான். ஆனால் அது சுழலத் தொடங்கும்போது தன் அளவைப்போலச் சில மடங்கு இழுக்கும். அந்த ஒரு இழுப்புக்காகத்தான் ஆயிரம் வாட், ஆயிரத்து ஐந்நூறு வாட் என்று பெட்டி பெரிதாகிறது. மசாலாவைக் கரையிலேயே அரைத்து டப்பாவில் கொண்டுபோனால், படகுக்கு 300 வாட் இன்வெர்ட்டர் தாராளம். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பல நேரம் அது சில விநாடி தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து எத்தனை வாட் தரும் என்பது பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும்.

அடுத்து, சைன் வேவ் பேச்சு. விலை குறைந்த இன்வெர்ட்டர் கரண்டைப் படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டித் தரும். பியூர் சைன் வேவ் கொஞ்சம் விலை கூட, ஆனால் வீட்டு லைனில் வருவதைப் போலவே தரும். லேப்டாப்புக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மின்விசிறி முனகும், மோட்டார் சூடாகும். மீனவர்களுக்கு நேரடியாக வலிப்பது வேறு இடத்தில். பிளக்கில் நேராகச் செருகி சார்ஜ் போடும் விலை குறைந்த டார்ச்சும் எமர்ஜென்சி லைட்டும் இருக்கின்றனவே, அவற்றில் பலவற்றின் உள்ளே டிரான்ஸ்பார்மர் கிடையாது, ஒரு கெப்பாசிட்டர்தான். படிக்கட்டு கரண்டில் அந்தக் கெப்பாசிட்டர் வழியாக அளவுக்கு மீறிய கரண்ட் பாயும். டார்ச் இரண்டாம் நாளே கருகும். டார்ச் கம்பெனிக்குத் திட்டு விழும். இன்னொன்று: மலிவான இன்வெர்ட்டர் ஓடும்போது பக்கத்தில் மீடியம் வேவ் ரேடியோவை வைத்தால் 'கொர்ர்ர்' என்ற இரைச்சல்தான் கேட்கும். வானொலியில் பேசுகிறவன் என்ற முறையில் இதை நான் கொஞ்சம் சொந்த விஷயமாகவே எடுத்துக்கொள்கிறேன். வயர்லெஸ்ஸிலும் அந்த இரைச்சல் ஏறலாம். அது விளையாட்டு இல்லை. 300 வாட்டோடு நிறுத்திக்கொண்டால் மிச்சமாகும் காசில் பியூர் சைன் வேவே வாங்கிவிடலாம்.

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இன்னோர் இடம் வயர். 230 வோல்ட் பக்கம் 300 வாட் என்பது ஒன்றேகால் ஆம்ப் சமாச்சாரம். பேட்டரி பக்கம் அதே 300 வாட்டுக்கு 30 ஆம்ப் ஓடும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் மூன்று மீட்டர் என்றால், போக வர ஆறு மீட்டர் வயர். 4 ஸ்கொயர் எம்எம் வயர் போட்டால் வழியிலேயே 0.8 வோல்ட் காணாமல் போகும். பேட்டரியில் பாதி இருக்கும்போதே இன்வெர்ட்டர் கத்தத் தொடங்குவது இதனால்தான். நாம் பேட்டரியைச் சந்தேகப்படுவோம். 16 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.2 வோல்ட். ஆயிரம் வாட் இன்வெர்ட்டர் முழுதாக இழுக்கும்போது 100 ஆம்ப். அதே தூரத்துக்கு 50 ஸ்கொயர் எம்எம் வேண்டும். அந்தத் தடிமன் செம்பு வயரின் விலையைக் கேட்டுவிட்டு ஆயிரம் வாட் ஆசை மிஞ்சுகிறதா என்று பாருங்கள். கடலுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயர் என்றே தனியாக உண்டு. சாதா வயர் உப்புக்காற்றில் ரப்பருக்குள்ளேயே கறுத்துப்போகும்.

பாசிட்டிவ் வயரில் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்க வேண்டும். 300 வாட்டுக்கு 40 ஆம்ப். இன்வெர்ட்டருக்குள்ளேயே பியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது இன்வெர்ட்டருக்கு. வழியில் வயர் உரசித் தோல் கிழிந்து ஷார்ட் ஆனால், பேட்டரி ஆயிரம் ஆம்ப் அளவுக்குக் கொட்டும், வயர் பழுத்துத் தீப்பிடிக்கும். பைபர் படகில் தீ என்றால் அணைக்க நேரம் கிடையாது.

மாட்டும் இடம்: இன்ஜின் ரூம் வேண்டாம், சூடு அதிகம். பேட்டரிப் பெட்டிக்குள்ளும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். கேபினுக்குள், அலை தெறிக்காத சுவரில், காற்றோட்டம் உள்ள இடம் சரி. ஃபேன் இல்லாத மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். ஃபேன் உப்புக்காற்றை உள்ளே உறிஞ்சி, சர்க்கியூட் போர்டு மேலேயே பூசும். வீட்டு இன்வெர்ட்டரையும் அதன் உயரமான டியூபுலர் பேட்டரியையும் அப்படியே படகில் ஏற்றுகிறவர்கள் உண்டு. படகு ஆடுகிற ஆட்டத்தில் ஆசிட் சிந்தும். நான் அதைச் செய்ய மாட்டேன்.

230 வோல்ட் வீட்டில் எப்படிக் கொல்லுமோ படகிலும் அப்படித்தான் கொல்லும். ஈரக்கால், ஈரக்கை, உப்புத்தண்ணீர் இருக்கும் இடத்தில் இன்னும் சுலபமாக. டெக்குக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்காதீர்கள். பிளக் கேபினோடு நிற்கட்டும். கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி மாட்டிவிட்டேன், பயமில்லை என்றும் இருக்க வேண்டாம். பல சின்ன இன்வெர்ட்டர்களில் வெளியே வரும் இரண்டு வயருக்கும் எர்த்துக்கும் தொடர்பே இருக்காது. அந்த நிலையில் ஆர்சிசிபி விழாது. நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கலாமா கூடாதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். இதை மட்டும் மேனுவலைக் காட்டி எலெக்ட்ரீஷியனிடம் செய்யுங்கள். துறைமுகத்தில் கட்டியிருக்கும்போது கரையிலிருந்து லைன் இழுத்து, இன்வெர்ட்டர் பிளக்குகள் இருக்கும் அதே வயரிங்கில் கொடுத்தால், இன்வெர்ட்டர் அந்தக் கணமே வெடிக்கும். இரண்டில் ஒன்றுதான் தொடர்பில் இருக்கும்படி ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட வேண்டும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குமரி மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். பாதி இறங்கிய பேட்டரியை இந்த 61 நாளும் படகிலேயே விட்டால், தகட்டில் சல்பேட் படிந்து பழைய கொள்ளளவு திரும்பாது. முழுக்க சார்ஜ் போட்டு, இன்வெர்ட்டர் வயரைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை மறுபடி சார்ஜ் ஏற்றுங்கள். படகு இறங்குவதற்கு முன் ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பை இன்வெர்ட்டரில் எரியவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரி முனையில் எத்தனை வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். சரியான வயரில் இந்த ஐந்தாறு ஆம்புக்கு வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் காட்டினால், வயர் முனையில் உள்ள லக் ஏதோ ஒன்று பச்சை பூத்திருக்கும். அதைக் கழற்றிச் சுரண்டிப் பாருங்கள். செம்பு தெரியாவிட்டால் வெட்டிவிட்டுப் புது லக் அடியுங்கள்.