புத்தியை அளக்கும் கோல் யாருடையது?

(திருவொற்றியூரில் மாலைநேரப் படிப்பு மையத்தின் தோழர்கள், மாணவர்கள், பெற்றோர் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். இன்று ஐ.க்யூ. டெஸ்ட் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். காரணம், நம் மையத்துக்கு வருகிற ஆறு வயதுச் சிறுமி. அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவர். கூடை என்ன விலைன்னு சொன்னா போதும், கிலோ எவ்வளவுக்கு வித்தா கட்டும்னு அந்தப் புள்ள மனசுக்குள்ளயே போட்டுச் சொல்லுது. நாலாவது படிக்கிற அண்ணன் புத்தகத்தைப் படிச்சு முடிச்சிடுச்சு. பள்ளியிலோ, "அடங்க மாட்டேங்குது, டெஸ்ட் எடுத்துப் பாருங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "எந்த டெஸ்ட்டு எடுக்கிறது, தம்பி?" என்று அந்த அக்கா கேட்டார். நான் உளவியல் படித்தவன் இல்லை. ஆனாலும் தேடிப் படித்தேன். அந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருச வரலாறு இருக்கிறது.

1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் இருவரும் முதல் சோதனையை உருவாக்கினார்கள். வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளை அடையாளம் கண்டு தனி உதவி தரவேண்டும், அதுதான் நோக்கம். புத்தி பிறப்போடு தீர்மானமாகிவிடுகிறது என்பதைப் பினே ஏற்கவில்லை. 1911-இல் அவர் இறந்தார். கோல் அமெரிக்காவுக்குப் போனது. 1916-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் அதைத் திருத்தி வெளியிட்டார். கறுப்பர்கள், மெக்சிகர்கள், செவ்விந்தியர்களிடம் காணும் மந்தம் இனத்தோடு வருவது என்றும் எழுதினார். இந்தப் பேச்சு நமக்குப் புதுசா? 'உங்க சாதிக்குப் படிப்பு வராது' என்று நம் தாத்தாவிடம் சொன்னதும் இதே பேச்சுதானே. அவர்கள் கையில் கோல் இல்லை, அவ்வளவுதான்.

கறுப்பினப் பெற்றோர்கள் சும்மா இருக்கவில்லை. வழக்குப் போட்டார்கள். ஐ.க்யூ. மதிப்பெண்ணை வைத்துக் கறுப்பினக் குழந்தைகளை மந்தபுத்தி வகுப்பில் தள்ளக்கூடாது என்று 1979-இல் கலிஃபோர்னியாவில் தீர்ப்பு வாங்கினார்கள்.

சரி, கெட்டிக்காரக் குழந்தையையாவது இந்தக் கோல் சரியாகக் கண்டுபிடித்ததா? டெர்மன் 1921-இல் மீத்திறன் குழந்தைகளைத் தேடி ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார். அவருடைய சல்லடையில் தேறாமல் போன சிறுவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரஸ். ஷாக்லி 1956-இலும் ஆல்வரஸ் 1968-இலும் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கினார்கள்.

நம் நாட்டில் புழங்குகிறவற்றில் மூன்றைச் சொல்கிறேன். ஒன்று, பினே-காமத். 1930-களில் தார்வார் பக்கத்துக் கன்னட, மராத்திக் குழந்தைகளை வைத்து வி.வி. காமத் உருவாக்கியது. இரண்டு, 1969-இல் நாக்பூரில் மாலின் வெளியிட்டது. அமெரிக்க வெக்ஸ்லர் சோதனையின் தழுவல். ஆறு முதல் பதினைந்து வயதுக்கு. மூன்று, 1938-இல் இங்கிலாந்தில் வந்த ரேவன். அதில் வார்த்தையே கிடையாது. கோலம் மாதிரி ஒரு படத்தில் ஒரு துண்டு காணாமல் இருக்கும். எது பொருந்தும்னு கை காட்டணும். சின்னப் பிள்ளைகளுக்கு வண்ணப் படங்களில் 36 கேள்விகள்.

ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு. வார்த்தைகளை நம்பும் சோதனை, வீட்டில் என்ன பாஷை பேசுகிறார்கள் என்பதையும் சேர்த்தே அளக்கிறது. ரேவனில் மொழித் தடை குறைவு. ஆனால் ஒரேவிதமான யோசனையைத்தான் பார்க்கும். கெட்டிக்காரக் குழந்தைக்கு வண்ணப் படங்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். அளவுகோல் பழசானால் மதிப்பெண் ஏறித் தெரியும் என்பதை ஜேம்ஸ் ஃப்ளின் 1984-இல் காட்டினார். பழக்கத்துக்கும் பங்கு உண்டு. வங்கித் தேர்வுக்கு ரீசனிங் புத்தகத்தை மூணு மாசம் போட்டுப் பழகினேன். முதல் வாரம் பாதி தப்பு, கடைசி வாரம் ஒன்றிரண்டு தப்பு. இடையில் எனக்கு மூளையா வளர்ந்தது?

இதற்கெல்லாம் மேலே, எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமப் பள்ளிகளில் 6, 7-ஆம் வகுப்புப் பையன்களுக்கு வழி தேடும் புதிர்கள் கொடுத்தார்கள். ஆதிக்க சாதியினர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேர். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் சமம். பேரோடு சாதியையும் எல்லோர் முன்னாலும் வாசித்ததும் ஒடுக்கப்பட்ட பையன்கள் தீர்த்த புதிர்கள் குறைந்துபோயின. அதே பையன்கள், அதே புதிர்கள். 2006-இல் வெளியான ஆய்வு இது.

நம் பகுதிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஈயம் குழந்தையின் மூளையைத் தின்கிறது. சென்னையில் 3 முதல் 7 வயதுவரை உள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்த ஆய்வு 2009-இல் வந்தது. சராசரி, டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ராத்திரியோட ராத்திரியா ஜனங்க புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்களே, மறுநாள் அந்தப் புள்ளைங்களுக்கு டெஸ்ட் வச்சிருந்தா வர்ற நம்பர் எதைச் சொல்லும்?

அப்படியானால் டெஸ்டே வேண்டாமா? வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டு எடுங்கள். முதலில், இந்த நம்பர் எந்தக் கதவைத் திறக்கும்? மேல்வகுப்புப் பாடமா, உதவித்தொகையா, தனிக் கவனமா? ஒன்றும் இல்லையென்றால் விடுங்கள். அப்புறம், எடுக்கிறவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற உளவியலாளரா? தனியாக உட்காரவைத்து, நம் பேச்சுத் தமிழில் கேட்பாரா? 'இட்டாந்தேன்' என்று குழந்தை சொன்னால் புரியுமா? அளவுகோல் எந்த வருசத்தது, எந்தக் குழந்தைகளை வைத்துப் போட்டது? வார்த்தை உள்ளது ஒன்று, ரேவன் மாதிரி வார்த்தை இல்லாதது ஒன்று, இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் மொத்த நம்பர் மட்டும் போதாது, எதில் பலம், எதில் தடுமாற்றம் என்று எழுதித் தரவேண்டும். ஆறு வயது மதிப்பெண் நிலையானதல்ல. இரண்டு மூன்று வருசம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். விரல்ரேகை பார்த்துப் புத்தி சொல்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் பிடுங்குகிறவர்களிடம் போகவே போகாதீர்கள். அதில் அறிவியல் எதுவும் இல்லை. அது கைரேகை ஜோசியம்தான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்த முறையையும் தடைசெய்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய், அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை எந்தெந்தப் பள்ளியில் டெஸ்ட் வைத்துச் சேர்க்கிறார்கள், எந்தெந்தக் குழந்தைகளை 'மந்தம்' என்று ஓரமாக உட்காரவைத்திருக்கிறார்கள், தெருத்தெருவாகப் போய் எழுதி வாருங்கள். மனு எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தத் தொழில் எனக்குத் தெரியும்.