கிளிக்கு அளவறிந்து ஊட்டுக



கிளி வளர்ப்போர் வீட்டில் அன்புக்குக் குறைவு இராது. அளவில்தான் பிழை நேர்கின்றது. ஒருவர் தினையைத் தவிர வேறெதுவும் கொடார். மற்றொருவர், புரதம் உடலுக்கு நல்லது என்று கேள்வியுற்று, நாள்தோறும் அவித்த முட்டையைக் கிண்ணம் நிறைய வைப்பார். இருவரும் நல்லெண்ணம் உடையவரே; எனினும் நல்லெண்ணம் மட்டும் பறவையை வளர்த்துவிடாது. ஆகவே, வளர்ப்புக் கிளிக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்னும் வினாவை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் தோப்புகளில் பறந்து திரியும் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், கூண்டில் அடைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆதலின், நான் பேசப்போவது அக்கிளியைப் பற்றியன்று. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டு, பல தலைமுறைகளாகக் கூண்டுகளிலேயே பெருகி, இன்று நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்ற காக்கட்டீல் என்னும் கொண்டைக்கிளியைப் பற்றியே பேசுகிறேன்.

புரதம் என்பது உடலைக் கட்டும் பொருள். தசையும் குருதியும் அதனால் ஆனவை. இறகோ ஏறக்குறைய முழுவதும் புரதமே. முட்டையிலிருந்து வெளிவரும் காக்கட்டீல் குஞ்சு 5 கிராம் அளவே இருக்கும். நான்கைந்து வாரங்களில் அது 80 கிராமுக்கு மேல் வளர்ந்து, உடல் முழுதும் இறகு போர்த்துக் கூட்டைவிட்டு வெளியேறுகின்றது. இத்துணை விரைவாக எழும் கட்டடத்திற்குக் கல்லும் சுண்ணமும் எவ்வளவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்!

அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், ரௌடிபுஷ், கிரௌ என்னும் ஆய்வாளர் இருவர் இதனைச் சோதித்தறிந்து 1986ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குஞ்சுகளைப் பல பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு அளவு புரதமுள்ள உணவை ஊட்டினர். நூற்றுக்கு 5 பங்கு மட்டுமே புரதம் பெற்ற குஞ்சுகள் பிழைக்கவில்லை. நூற்றுக்கு 20 பங்கு பெற்றவையே நன்கு வளர்ந்தன. அதற்கு மேலும் கூட்டியதனால் வளர்ச்சி மிகவில்லை. இங்கே கூறும் பங்கு, நீரை நீக்கிய உலர்ந்த உணவைக் கொண்டு கணக்கிடுவது என்பதை மறவாதீர்கள்.

இப்போது நம் வீட்டு வழக்கத்தை நோக்குவோம். தாயை இழந்த குஞ்சுக்குத் தினைமாவைக் கரைத்துக் கூழாக ஊட்டுவோர் உண்டு. தினையில் புரதம் நூற்றுக்கு 12 பங்கு அளவே உள்ளது. குஞ்சின் வயிறு நிறைகின்றது. உடலோ வளராமல் குன்றுகின்றது. வயிறு நிறைந்திருப்பதால் ஊட்டியவருக்குக் காரணம் விளங்குவதில்லை. எனவே குஞ்சுக்கு, அதற்கெனச் செய்யப்பட்ட 20 பங்கு புரதமுள்ள உணவே ஏற்றது.

வளர்ந்த கிளியின் நிலை வேறு. அது புதிதாகக் கட்டுவதில்லை, கட்டியதைப் பழுதுபார்க்கின்றது. அதற்கு நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு போதும். கணக்கிட்டுப் பார்ப்போமா? வளர்ந்த காக்கட்டீல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் உலர்ந்த உணவு உண்பதாகக் கொள்ளுங்கள். நூற்றுக்கு 12 பங்கு எனில், அதற்குத் தேவையான புரதம் 1.2 கிராம். ஒரு கோழிமுட்டையில் 6 கிராம் அளவு புரதம் உண்டு. அதாவது, ஒரு முட்டையில் அக்கிளியின் ஐந்து நாள் புரதம் அடங்கியிருக்கின்றது! கிண்ணம் நிறைய முட்டை வைப்பவர் இக்கணக்கைச் சிந்திப்பாராக.

மிகுதியாக உண்ட புரதம் என்னவாகும்? அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பலர் நம்பினர். அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்று 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. வளர்ந்த காக்கட்டீல்களுக்கு 11 பங்கு முதல் 70 பங்கு வரை புரதம் கொடுத்து, 11 மாதங்கள் கண்காணித்தனர். அவற்றின் சிறுநீரகம் கெடவில்லை. வேண்டாத புரதத்தை எரித்து, அதன் நைட்ரஜனை யூரிக அமிலமாக வெளியேற்ற அவற்றின் உடல் பழகிக்கொண்டது. ஆயினும், மிக உயர்ந்த அளவு பெற்ற பறவைகளின் ஈரலில் மாறுதல்கள் தோன்றின. ஆகவே, ஒருநாள் மிகுந்துவிட்டால் அஞ்ச வேண்டுவதில்லை. நாள்தோறும் மிகுவிப்பதால் பயனுமில்லை.

தினையிலேயே 12 பங்கு இருக்கின்றதே, வளர்ந்த கிளிக்கு அதுவே போதாதா என்று உங்களுள் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. புரதம் பல அமினோ அமிலங்களால் ஆனது. தச்சர் ஒருவரிடம் பத்து நாற்காலிக்குரிய பலகைகளும், இருபது கால்களும் மட்டும் இருந்தால், ஐந்து நாற்காலிகளுக்கு மேல் செய்ய இயலாது அன்றோ? தினையில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறு வகைகளில் அது மிகுதி. பயற்றில் குறைவான மெத்தியோனினைத் தானியம் ஈடுசெய்யும். அரிசியும் உளுந்தும் சேர்ந்த நம் இட்டிலியின் சிறப்பும் இதுவே.

ஆதலின், சிறுதானியத்தோடு முளைகட்டிய பாசிப்பயற்றையும் கீரையையும் கேரட்டையும் சேர்த்துக் கொடுங்கள். வெறும் விதைகளில் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏயும் குறைவு என்பதும் நினைவிருக்கட்டும். சூரியகாந்தி விதையில் புரதம் உண்டு. ஆனால் அதனினும் மிகுதியாகக் கொழுப்பு உண்டு. எண்ணிச் சிலவே கொடுங்கள். இறகு உதிர்த்து முளைக்கும் காலத்திலும், குஞ்சு வளர்க்கும் காலத்திலும் நகத்தளவு முட்டையைச் சேர்க்கலாம். பாற்சோறு வேண்டாம், பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பறவைக்கு இல்லை.

இறுதியாக ஒரு பயிற்சி. வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், சிறு தராசில் உங்கள் கிளியை நிறுத்து ஏட்டில் குறித்துவாருங்கள். அடர்ந்த இறகு மெலிவை மறைத்துவிடும்; தராசு மறைக்காது. எடை தொடர்ந்து குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பேசத் தெரிந்த கிளியும் தன் பசியின் தன்மையை நமக்கு எடுத்துரைக்காது. அதனை அறிந்து ஊட்டுவது, கூண்டின் கதவைச் சாத்திய நம் கடமையாகும்.